யுஏ 13+ காமெடிப் படம்: பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா?

24 அக்டோபர் 2025, வெள்ளி

மும்பை முலுண்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருப்பது:

"அக்கா, தீபாவளிக்கு வந்த அந்த லாட்ஜ் பேய் காமெடிக்கு யுஏ 13+ குடுத்திருக்காங்க. என் பையனுக்கு 13, பொண்ணுக்கு 11. லீவு முடியறதுக்குள்ள கூட்டிட்டுப் போங்கன்னு ரெண்டும் பிடுங்கி எடுக்குதுங்க. படம் பூரா அசிங்கம்னு ஒருத்தர் சொல்றார். இந்தக் காலத்துப் பசங்க பார்க்காததான்னு இன்னொருத்தர். போகலாமா வேண்டாமா, ஒரே வார்த்தையில சொல்லுங்க."

24 அக்டோபர், இரவு

ஒரே வார்த்தையில் என்றால், பொறுங்கள். நான் இன்னும் பார்க்கவில்லை. ஞாயிறு காலைக் காட்சிக்கு நானும் மதினியும் போகிறோம், பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு. டிரெய்லரை வைத்துச் சொல்ல மாட்டேன். ஆட்சேபம் வராத சிரிப்பாகப் பொறுக்கித்தான் டிரெய்லரில் வைப்பார்கள்.

படத்தின் பெயரைக் கடைசி வரை எழுதப் போவதில்லை. எழுதினால் பேச்சு அந்த நடிகரின் ரசிகர்களோடு சண்டையாகிவிடும்.

25 அக்டோபர், சனி

அந்த 13 என்ற எண்ணைப் பற்றி முதலில். நிறைய பேர் அதை ஏ சான்றிதழ் மாதிரி ஒரு தடை என்று நினைக்கிறார்கள். ஏ படத்துக்கு 18 நிரம்பாதவர்களை உள்ளே விடக் கூடாது, அது தியேட்டர்காரர் பொறுப்பு. யுஏ அப்படியில்லை. 1983-ல் யுஏ வந்தபோது இருந்தது ஒரே கோடுதான்: 12 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் யோசித்துக்கொள்ளட்டும். 2023-ல் ஒளிப்பதிவுச் சட்டத்தைத் திருத்தி 7, 13, 16 என்று மூன்றாகப் பிரித்தார்கள். அந்த எண் பெற்றோருக்கான வழிகாட்டல் மட்டுமே, பெற்றோரையோ காப்பாளரையோ தவிர வேறு யாரும் அதைக் காட்டிப் பிள்ளையைத் தடுக்க முடியாது என்று அந்தச் சட்டமே சொல்கிறது. நீங்கள் 11 வயது மகளோடு போய் வாசலில் நின்றால் டிக்கெட் பார்ப்பவர் ஒன்றும் சொல்லப்போவதில்லை. முடிவு முழுக்க உங்கள் தலையில்தான்.

தணிக்கை வாரியத்துக்கு 1991-ல் கொடுத்த வழிகாட்டு நெறிகள் இருக்கின்றன. கீழ்த்தரமான உணர்ச்சிகளுக்குத் தீனி போடும் இரட்டை அர்த்தப் பேச்சுக்கு இடமில்லை என்று அதில் தனியாகவே ஒரு விதி. பெண்களை இழிவுபடுத்தும் காட்சிகள் கூடாது என்று இன்னொரு விதி. கூடவே, படத்தை முழுதாக வைத்து அதன் ஒட்டுமொத்தத் தாக்கத்தைப் பார்க்க வேண்டும் என்றும் இருக்கிறது. பேய்க்குக் கடைசியில் நியாயம் கிடைத்துவிட்டால், நடுவில் ஒன்றே முக்கால் மணி நேரம் பேசிய பேச்செல்லாம் அந்த மொத்தத்தில் கரைந்துபோகிறது. எனக்கு இது ஏற்பில்லை. பிள்ளைகள் மொத்தத்தை எடுத்துக்கொண்டு வருவதில்லை, பிடித்த துண்டை எடுத்துக்கொண்டு வருகிறார்கள்.

25 அக்டோபர், மாலை

"அப்ப பழைய யு படமா பார்த்துப் போட்டுக் காட்டிடலாம்ல" என்று தம்பி கேட்கிறார்.

அந்த யு எப்படி வந்தது என்பதையும் பாருங்கள். 2011-லிருந்து தமிழ்நாட்டில் கேளிக்கை வரிவிலக்கு வேண்டுமென்றால் தமிழ்த் தலைப்பு மட்டும் போதாது, யு சான்றிதழும் வேண்டும் என்று ஆனது. 2017-ல் ஜிஎஸ்டி வரும் வரை அதுதான் நிலைமை. யு என்பது பணம். அதற்காக முத்தத்தையும் ரத்தத்தையும் வெட்டினார்கள். அந்த வருஷங்களில் வந்த காமெடிகளைப் போட்டுப் பாருங்கள்: வேண்டாம் என்று சொன்ன பெண்ணின் பின்னாலேயே சுற்றும் கதாநாயகன், கருப்பான பெண்ணைப் பார்த்து அலறும் அவனுடைய நண்பன், ஒயின்ஷாப்பில் கால்வாசிப் படம். எல்லாம் யு.

டிவி கணக்கும் உண்டு. ஏ படத்தை அப்படியே டிவியில் போட முடியாது. மும்பை உயர் நீதிமன்றத்தில் ஒரு கல்லூரிப் பேராசிரியை போட்ட பொதுநல வழக்குக்கு இதில் பெரிய பங்கு இருக்கிறது. ஏ வந்தால் சேட்டிலைட் உரிமை அடிபடும் என்று, நாலு வசனத்தை மியூட் செய்தாவது யுஏ-வுக்குள் நுழைந்துவிடுகிறார்கள்.

26 அக்டோபர், ஞாயிறு

பார்த்தாயிற்று. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

நாலு நண்பர்கள், ஓடாத ஒரு லாட்ஜை வாடகைக்கு எடுக்கிறார்கள். மாடியில் பேய். முதல் அரை மணி நேரம் வயிற்றுப்போக்கு. கெட்டுப்போன பிரியாணி, ஒரே ஒரு கழிப்பறை, வரிசையில் நாலு பேரும் பேயும். தியேட்டரே குலுங்கியது. மதினி கண்ணீர் வரச் சிரித்தாள், நானும்தான்.

அதற்குப் பிறகு லாட்ஜ் உரிமையாளர் அம்மாள் வருகிறார். அவர் குனிந்தால் ஒரு வசனம், நிமிர்ந்தால் ஒரு வசனம். பால்காரர், எலெக்ட்ரீஷியன் என்று வருகிறவர் எல்லாருக்கும் இரட்டை அர்த்தம். இடைவேளைக்கு முன்னால் ஒரு திருநங்கை, நண்பர்களில் ஒருவனைத் துரத்துகிறார். அவன் ஓடுகிறான், லுங்கி அவிழ்கிறது. இடைவேளைக்குப் பிறகு கதாநாயகியைப் பற்றி "இல்லைன்னு சொன்னா இருக்குன்னு அர்த்தம்" என்கிற வகை அறிவுரை, அதைக் கேட்டு நடக்கும் கதாநாயகன், கடைசியில் அவள் சிரிப்பது. குடி சொல்லவே வேண்டாம். எச்சரிக்கை வாசகம் திரையின் மூலையில் ஏறக்குறைய குடியிருந்தது.

பேய் வரும் காட்சிகள் பயமாக இல்லை. ரத்தம் இல்லை. படுக்கையறைக் காட்சி இல்லை.

26 அக்டோபர், இரவு

சப்டைட்டிலைச் சொல்ல மறந்தேன். மும்பையில் தமிழ்ப் படம் பெரும்பாலும் ஆங்கில சப்டைட்டிலோடுதான் ஓடுகிறது. நம் பிள்ளைகள் தமிழைக் காதால் பிடிப்பதற்குள் கீழே ஓடும் வரியைப் படித்து முடித்துவிடுகிறார்கள். "அவளுக்கு அந்தத் தமிழ் புரியாது" என்ற தைரியத்தில் யாரும் கூட்டிப் போக வேண்டாம்.

28 அக்டோபர், செவ்வாய்

வீட்டில் அத்தையிடம் படத்தைச் சொன்னேன். அவர் திருநெல்வேலிப் பக்கம், கோயில் கொடைத் திருவிழா பார்த்து வளர்ந்தவர். "இதுக்குப் போயி இம்புட்டு யோசிக்கியா? எங்க ஊர் கொடையில கரகாட்டக்காரி பேசாத பேச்சா? முன்வரிசையில உக்காந்து பாத்த பிள்ளைகதான் நாங்க எல்லாம். கெட்டா போயிட்டோம்?" என்று கேட்டார்.

தம்பியிடம் "பசங்க பார்க்காததா" என்று சொன்னவரின் பேச்சும் இதுதான். லேசாகத் தள்ளிவிட முடியவில்லை. நானும் சின்ன வயதில் கொடைக்குப் போயிருக்கிறேன், விடிய விடியப் பார்த்திருக்கிறேன். அந்தப் பேச்சோடு ஒப்பிட்டால் இந்தப் படம் பச்சைப் பிள்ளை.

ரெண்டு நாளாக இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். கரகாட்டத்தில் கூட ஆடுகிறவன் ஒன்று சொன்னால் அவள் ஒன்பது சொல்வாள். கூட்டத்தில் இருக்கும் பெண்கள் அவள் பதிலுக்குத்தான் அதிகமாகச் சிரிப்பார்கள். ஆடுகிற பெண்களுக்கு அந்த மேடையில் நேர்ந்த கஷ்டங்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பேச்சு என்று வந்துவிட்டால் அவள் வாயை யாரும் கட்டியதில்லை. இந்தப் படத்தின் லாட்ஜ் அம்மாளுக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. அவரைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள், கேமராவும் பேசுகிறது, அவர் மட்டும் எதுவும் புரியாதவர் போல நிற்கிறார்.

கவுண்டமணி செந்திலையும் இப்படிப் பாருங்கள். உதை, வசவு, மண்டையைப் பற்றிய கிண்டல் எல்லாம் உண்டு. அதையெல்லாம் பிள்ளைகளுக்குக் காட்டலாமா என்று என் தோழி ஒருத்தி கேட்பாள். ஆனால் செந்தில் ஒரு கேள்வி கேட்பார், கவுண்டமணி அதில் மாட்டிக்கொண்டு அலறுவார். அடி வாங்குகிறவர்தான் கடைசியில் ஆளைக் கவிழ்க்கிறார். பிள்ளைகள் செந்தில் பக்கம்தான் நிற்கிறார்கள்.

இதனால் நான் படத்தைப் பார்க்கும் விதமே மாறிவிட்டது. எத்தனை கெட்ட வார்த்தை, எத்தனை தடவை லுங்கி அவிழ்ந்தது என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். கிண்டலுக்கு ஆளாகிறவருக்குப் படம் திருப்பிப் பேச வாய் கொடுத்திருக்கிறதா என்று பார்க்கிறேன். கழிப்பறை வரிசையில் நாலு பேரும் சமம், பேயும் சமம், யாரும் தப்பவில்லை. அந்த அரை மணி நேரத்தை 7 வயதுப் பிள்ளைக்கும் காட்டுவேன். லாட்ஜ் அம்மாள் காட்சிகளை 13-க்குத் தனியாகக் காட்ட மாட்டேன்.

28 அக்டோபர், பின்னிரவு

அந்தத் திருநங்கை கதாபாத்திரத்துக்கு ஒரு பெயர்கூட இல்லை. தூக்கம் வரவில்லை, அதனால் இதையும் எழுதிவிடுகிறேன்.

நாங்கள் சயான் கோலிவாடா பக்கம். ஹார்பர் லைன் இல்லாமல் எங்களுக்கு வாழ்க்கை இல்லை. கொஞ்ச காலத்துக்கு முன்னால் ரயிலில் ஒரு திருநங்கை வந்து, வழக்கம்போல எல்லார் தலையிலும் கைவைத்து ஆசி சொல்லிக் காசு கேட்டார். என் மகனும் அவன் கூட்டாளியும் ஒருவரை ஒருவர் பார்த்து, ஒரு காமெடி நடிகர் இந்த மாதிரிக் காட்சிகளில் காட்டும் முகத்தை அப்படியே காட்டினார்கள். கண்ணை உருட்டி, உடம்பைச் சுருக்கி, ஐயோ என்று. அவர் பார்த்துவிட்டார். ஒன்றும் சொல்லாமல் அடுத்த பெட்டிப் பக்கம் நகர்ந்தார்.

அவன் கெட்ட பிள்ளை இல்லை. தினமும் பார்க்கிற மனிதர்களைப் பார்த்து எப்படி நடந்துகொள்வது என்று அவனுக்கு ஏதோ ஒரு படம் சொல்லிக் கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான். 2014-ல் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்து இத்தனை வருஷம் ஆகியும் காமெடிப் படங்கள் அந்தத் துரத்தல் காட்சியை விடவில்லை. கெட்ட வார்த்தையை ஒரு வாரம் திட்டினால் விட்டுவிடுவான். அந்த முகத்தை விட வைக்க எனக்குப் பல மாதம் ஆனது.

30 அக்டோபர், வியாழன்

எல்லாராலும் முன்னால் போய்ப் பார்த்துவிட்டு வர முடியாது, ரெண்டு தடவை டிக்கெட் யார் எடுப்பது என்று கேட்டிருக்கிறார்கள். நியாயம்தான். எனக்குத் தெரிந்த வழி ஒன்று.

தமிழ்ப் படங்கள் பிரிட்டனிலும் சிங்கப்பூரிலும் தியேட்டருக்கு வருகின்றன. அங்கேயும் வயது வகை கொடுக்கிறார்கள். பிரிட்டன் வாரியத்தின் தளத்தில் படத்தின் பெயரைத் தேடினால் வகை மட்டுமல்ல, ஏன் அந்த வகை என்று சில வரிகளும் கிடைக்கும்: வன்முறை, பேச்சு, பாலியல் குறிப்பு, பாகுபாடு என்று தனித்தனியாக. இந்தப் பாகுபாடு என்ற தலைப்பு எனக்குப் பிடித்த ஒன்று. உடல், நிறம், பாலினம் பற்றிய கிண்டல் இருந்தால் அதில் வந்துவிடும். அங்கே 12ஏ என்றால் 12-க்குக் கீழே உள்ள பிள்ளை பெரியவரோடு வரலாம். 15 என்றால் அம்மா அப்பா கூட வந்தாலும் 15-க்குக் கீழே அனுமதி கிடையாது. சிங்கப்பூரில் பிஜி13, என்சி16, எம்18 என்று போகும், கூடவே ஒரு வரி எச்சரிக்கை இருக்கும்.

அங்கே ஓடும் பிரதியும் இங்கே ஓடும் பிரதியும் சில சமயம் ஒன்றாக இருக்காது. இங்கே வெட்டியது அங்கே இருக்கலாம், அங்கே வெட்டியது இங்கே. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

1 நவம்பர், சனி

மகளைக் கூட்டிக்கொண்டு போய் வந்தேன். அவளுக்கு 15. மகனை விட்டுவிட்டுத்தான். அவனுக்கு 12, காரணம் 28-ஆம் தேதி எழுதியதே.

நான் பயந்த இடங்களில் அவள் கொட்டாவி விட்டாள். இரட்டை அர்த்த வசனங்கள் அவளுக்குப் பழைய சரக்கு, "இதெல்லாம் ஸ்கூல்ல பசங்க சொல்லி முடிச்சாச்சும்மா" என்றாள். கழிப்பறைக்குச் சிரித்தாள். கதாநாயகன் பின்னாலேயே போகும் பாட்டு வந்ததும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பின்வரிசையில் கல்லூரிப் பையன்கள் விசிலடித்துக்கொண்டிருந்தார்கள்.

திரும்பி வரும்போது ரயிலில் சொன்னாள்: "கோச்சிங் கிளாஸ் வாசல்ல ஒருத்தன் இப்படித்தான் நிக்கிறான். கேட்டா சும்மா காமெடிக்குங்கிறான்." எனக்கு இது தெரியாது. யார், என்ன என்று கேட்டேன், சொன்னாள். திங்கட்கிழமை நானும் அவள் அப்பாவும் கிளாஸுக்குப் போய்ப் பேசப்போகிறோம்.

அந்தப் படத்துக்கு நான் கூட்டிப் போயிருக்காவிட்டால் இதை அவள் எப்போது சொல்லியிருப்பாள் என்று தெரியவில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை எழுதியபோது இருந்த கோபம் இப்போது அதே அளவில் இல்லை. படம் மாறவில்லை. ஆனால் 15 வயதுப் பெண்ணோடு பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டிய படம் என்று இப்போது தோன்றுகிறது. வயது மட்டும் காரணமில்லை. எந்தப் பிள்ளை, பக்கத்தில் யார், பிறகு பேசுவதற்கு நேரம் இருக்கிறதா, எல்லாம் சேர்ந்துதான்.

2024 விதிகளில் வாரிய உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருக்க வேண்டும், முடிந்தால் பாதி என்று வைத்திருக்கிறார்கள். நல்லது. அந்தப் பின்தொடரும் பாட்டைப் பெண்கள் நிறைந்த ஒரு குழு பார்த்தால் 13 என்று எழுதுமா, 16 என்று எழுதுமா? 16 என்று எழுதும் என்றே நம்ப விரும்புகிறேன்.

2 நவம்பர், ஞாயிறு

டோம்பிவிலி அண்ணன் கேட்கிறார்: "இப்படிப் பார்த்தா ஒரு படம் தேறாது. சிரிக்கத்தானேம்மா படம்? எல்லாத்துக்கும் பாடம் எடுத்தா பிள்ளைக நம்மகூடப் படம் பார்க்கவே வராதுங்க."

கடைசி வரி உண்மை, அண்ணா. படம் ஓடும்போது நான் வாயே திறப்பதில்லை. வெளியே வந்ததும் பேசுவதில்லை. அவர்களாக எதையாவது சொல்லிச் சிரிக்கும்போது, "அந்த அம்மாவுக்கு அப்போ எப்படி இருந்திருக்கும்" என்று ஒரே ஒரு கேள்வி. பதில் வந்தால் வரட்டும், வராவிட்டாலும் விட்டுவிடுவேன்.

ஒரு படமும் தேறாது என்பது சரியில்லை. குடும்பத்துக்குள்ளேயே நடக்கும் ஆள்மாறாட்டக் காமெடிகள், கஞ்சனை எல்லாரும் சேர்ந்து ஏமாற்றும் கதைகள், சின்னத் திருடன் பெரிய மனிதனை மாட்டிவிடும் கதைகள் என்று தமிழில் எத்தனையோ இருக்கின்றன. அவற்றிலும் வசவு உண்டு, அடி உண்டு. அடி விழுவது பெரும்பாலும் மேலே இருப்பவன் மேல். அதெல்லாம் பிள்ளைகளோடு பார்த்து உருண்டு புரண்டு சிரித்திருக்கிறோம்.

9 நவம்பர், ஞாயிறு

முலுண்ட் தம்பி மகனை மட்டும் கூட்டிப் போய் வந்துவிட்டார். பையன் நன்றாகச் சிரித்தானாம். வீட்டுக்கு வந்து, "அப்பா, நம்ம ஊர்ல எல்லாரும் இப்படித்தான் குடிப்பாங்களா?" என்று கேட்டானாம். தம்பிக்கு அதுதான் தைத்திருக்கிறது.

எனக்கும் தைத்தது. சென்னையிலோ மதுரையிலோ வளரும் பிள்ளைக்கு டாஸ்மாக் காட்சி என்பது அவன் தெருமுனையில் இருக்கும் பத்து விஷயங்களில் ஒன்று. பக்கத்திலேயே நூலகம் இருக்கும், பூக்கடை இருக்கும், டியூஷன் இருக்கும். இங்கே வளரும் பிள்ளைக்கு ஊர் என்பது கோடை லீவில் ரெண்டு வாரம், மற்றபடி படங்கள். அந்தப் படங்களில் நாலு பேர் சேர்ந்தால் பிளாஸ்டிக் டம்ளர், காதல் தோற்றால் பிளாஸ்டிக் டம்ளர். ஊரைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு அதுவாகிவிடுகிறது. வெளியூரில் வளர்க்கிறவர்கள் இதைத் தனியாகக் கணக்கில் எடுக்க வேண்டும். அத்தையை விட்டு அவனுக்கு ஊர்க்கதை சொல்லச் சொன்னால் படத்தைவிட நன்றாகவே சிரிக்க வைப்பார். அவருடைய கதைகளிலும் குடிகாரர்கள் வருவார்கள், ஆனால் அவர்களுக்குப் பெயர் இருக்கும், பெண்டாட்டி இருப்பாள், அவள் பேசுவாள்.

15 நவம்பர், சனி

தியேட்டரைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். என் மகன் அந்தப் படத்துக்குப் போகவே இல்லை, ஆனால் லாட்ஜ் அம்மாள் வசனம் அவனுக்கு மனப்பாடம். கூட்டாளியின் போனில் அரை நிமிடத் துண்டுகளாகப் பார்த்திருக்கிறான். அதற்கு முன்னாலிருந்தே வீட்டில் ஆதித்யா, சிரிப்பொலி என்று நாள் முழுக்கக் காமெடித் துண்டுகள் ஓடுகின்றன. துண்டில் எதை வெட்டுகிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள். உதை விழும், சிரிப்பு, அடுத்த துண்டு. உதை வாங்கியவர் என்ன ஆனார் என்ற பகுதி எங்கோ படத்தில் கிடக்கிறது.

அதனால் அவனுக்கு முழுப் படத்தையும் என்னோடு உட்கார்த்திக் காட்டுவது என்று முடிவு செய்திருக்கிறேன். வீட்டில், ஓடிடியில் வந்த பிறகு. மகளும் கூட இருப்பாள், அவள் பேசுவதை அவன் என்னைவிட அதிகமாகக் கேட்பான்.

23 நவம்பர், ஞாயிறு

ஓடிடி என்றதும் தம்பி பூட்டு எப்படிப் போடுவது என்று கேட்டிருக்கிறார். 2021 விதிகளின்படி ஓடிடி தளங்கள் தாங்களே வயது வகை போட வேண்டும், 13+ முதல் மேலே உள்ள எல்லாவற்றுக்கும் பெற்றோர் பூட்டு வசதி தர வேண்டும். தியேட்டரில் மியூட் செய்த வசனம் ஓடிடியில் மியூட் இல்லாமல் வரும் படங்களும் இருக்கின்றன. அதனால் அங்கே போட்டிருக்கும் எண்ணைத் தனியாகப் பாருங்கள், தியேட்டர் எண்ணையே நம்ப வேண்டாம்.

பிள்ளைகளுக்குத் தனி புரொஃபைல் போட்டு வயதைக் குறைத்து வையுங்கள். உங்கள் புரொஃபைலுக்கும் பின் நம்பர் போடுங்கள். பலர் பிள்ளையின் புரொஃபைலை மட்டும் பூட்டிவிட்டுத் தங்களுடையதைத் திறந்தே வைக்கிறார்கள், பிள்ளைகள் அதில் நுழைந்து பார்த்துவிடுகின்றன. பின் நம்பராகப் பிறந்த தேதியை வைக்காதீர்கள். மகளுக்கு 11-தானே, அவளுக்கு இந்தப் படம் இந்த வருஷம் வேண்டாம். அந்தக் கழிப்பறைக் காட்சியை மட்டும் நீங்களே போட்டுக் காட்டுங்கள், அண்ணன் மட்டும் பார்த்தான் என்ற சண்டை கொஞ்சம் அடங்கும்.